பாலத்துக்கு அடியில் போகிறவர்கள்

பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருக்கும் ஒருவர் "படகு வாங்கியிருக்கேன்" என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். ஒரு பக்கம் ரூட் ஒன்று, நடுவில் அபார்ட்மென்ட்டுகளும் மருந்துக் கம்பெனிகளும், அந்தண்டைப் பக்கம் ரயில் பாதை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் காரோட்ட வேண்டும். ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததும் ஒரு பசுமாடு. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டத்தை இழுத்த எல்சி, இங்கிருந்த வாக்கர்-கோர்டன் பண்ணையிலிருந்து போனவள். 1941-இல் அவள் செத்தபோது இங்கேதான் புதைத்தார்கள். மாட்டுக்குப் பேர்போன ஊரில் படகுக்கு என்ன வேலை?

ஆனாலும் அண்ணன் வாங்கிவிட்டார். கூடப் பிறந்தவர் இல்லை. பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில் அறிமுகமாகி அப்படியே அண்ணனாகிவிட்டவர். காரைக்குடிக்காரர், சின்ன வயதில் அவர் பார்த்த பெரிய தண்ணீர் ஊர்க் கண்மாய்தான். அவருடையது இருபத்துநாலு அடி நீளப் பழைய படகு. ராரிட்டன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மெரினாவில் கட்டியிருக்கிறார். இட வாடகை, இன்சூரன்ஸ், குளிர்காலத்தில் கரையேற்றிப் பிளாஸ்டிக் சுற்றி மூடிவைக்கிற செலவு என்று வருடம் முழுக்கப் பணம் போய்க்கொண்டே இருக்கும். "யானையைக் கட்டித் தீனி போடுறார்" என்று அண்ணி போகிற வீட்டிலெல்லாம் சொல்வார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நியூ ஜெர்சியில் எஞ்சின் படகை ஓட்டப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த அட்டையை டிரைவிங் லைசென்ஸுக்கும் மேலே பர்ஸில் வைத்திருக்கிறார்.

அவர்தான் ஒருநாள் போன் பண்ணி, "ஸ்டேட்டன் ஐலண்டை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், ரெண்டு பேரும் வாங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரருக்குக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தப் பயணத்தைச் சொல்வதற்கு முன்னால் நம்ம வீட்டுப் பக்கம் ஓடுகிற கால்வாயைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பாலங்களைப் பற்றி நான் ஏன் இவ்வளவு புலம்பப் போகிறேன் என்பது புரியாது.

மேப்பிள்டன் ரோட்டை ஒட்டி, மில்ஸ்டோன் ஆற்றுக்கு மேலே ஒரு கால்வாய் குறுக்கே போகிறது. ஆற்றுக்கு மேல் தண்ணீரே பாலம் ஏறிப் போவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். டெலவேர்-ராரிட்டன் கால்வாய் என்று பெயர். சனி ஞாயிறுகளில் நம்ம ஆட்கள் ஸ்நீக்கர்ஸ் போட்டுக்கொண்டு, ஊருக்கு வாட்ஸாப்பில் பேசியபடி நடக்கிற அந்த மண்பாதை, கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு போன பாதை. 1830-இல் அனுமதி வாங்கி 1834-இல் திறந்தார்கள். டெலவேர் ஆற்றங்கரையில் போர்டன்டவுன் முதல் ராரிட்டன் ஆற்றங்கரையில் நியூ பிரன்ஸ்விக் வரை 44 மைல். ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க 14 லாக்குகள். மண்வெட்டியால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். 1832-இல் காலரா வந்து வெட்டிய இடத்திலேயே பலர் மாண்டார்கள். பணம் போட்டு முன்னால் நின்றவர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த கடற்படைக்காரர் ராபர்ட் ஸ்டாக்டன். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்று ஒரு நகரம் இருக்கிறதே, அது இவர் பெயரில்தான். பே ஏரியா நண்பர்கள் இனிமேல் அந்தப் பக்கம் போகும்போது எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சியின் படத்தை எடுத்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குத் தண்ணீர் வழியே போக வேண்டுமென்றால், அட்லாண்டிக்கில் இறங்கி, மாநிலம் முழுவதையும் தெற்கே சுற்றி, கேப் மே முனையில் திரும்பி, டெலவேர் விரிகுடா வழியாக மறுபடி மேலே ஏற வேண்டும். நடுவில் மாநிலம் இடுப்பு ஒடுங்கி நிற்கிற இடத்தில் ஒரு கோடு கிழித்தால் அதுதான் நம்ம கால்வாய். பென்சில்வேனியா நிலக்கரி நியூயார்க்குக்குப் போன வழி இது. 1871-இல் கிட்டத்தட்ட முப்பது லட்சம் டன் சரக்கு போயிருக்கிறது. நிலக்கரிப் படகுகளோடு பணக்காரர்களின் சொந்தப் படகுகளும் இதே வழியாகத் தெற்கே போயின.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இந்தக் கால்வாயின் மேல் தாழ்வான நிலைப் பாலம் ஒன்றுகூட இருந்ததில்லை. எல்லாம் திரும்பி வழிவிடுகிற பாலங்கள். உயரமான பாய்மரம் வைத்த படகும் மரத்தை இறக்காமல் மாநிலத்தைத் தாண்டலாம். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஆள், அவர் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு. போர்ட் மெர்சரில் அந்த வீடு இன்னும் நிற்கிறது. படகு வருகிறதா, அந்த ஆள் வெளியே வந்து பாலத்தைத் திருப்புவார். குதிரை வண்டிக்காரர் காத்திருப்பார்.

அப்புறம் ரயில் வந்தது. 1871-லேயே கால்வாயை ரயில் கம்பெனி 999 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. போட்டிக்காரன் கையில் கடைச்சாவியைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. 1932-ஆம் வருடப் பருவம் முடிந்ததும் மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. திரும்பும் பாலங்கள் போய் நிலைப் பாலங்கள் வந்தன. இன்று அது மத்திய நியூ ஜெர்சிக்குக் குடிநீர் கொண்டுபோகும் வாய்க்கால். 1974 முதல் மாநிலப் பூங்காவும்கூட. கயாக் விடலாம். லாக் வந்தால் கயாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

சரி, இனி படகுக்கு வருவோம்.

செப்டம்பர் மாதச் சனிக்கிழமைக் காலை. அண்ணி மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மாவடு எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் கரையிலேயே நின்றுகொண்டார். "நான் வரலை. நீ போய்ட்டு வந்து கதை சொல்லு." எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுத்தான் அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். சட்டப்படி பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் ஓடும் படகில் கட்டாயம். "சட்டம் சட்டத்துக்கு, இது எனக்கு" என்றார்.

ஆற்றில் இறங்கியதும் டிரிஸ்கால் பாலம். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் பதினைந்து லேன்; எத்தனை முறை அதன் மேல் போயிருப்போம், கீழே ஓர் ஆறு இருப்பதை யாராவது கவனித்திருக்கிறோமா? கீழிருந்து பார்த்தால் அது வேறு உலகம். வரிசை வரிசையாகத் தூண்கள், தலைக்கு மேலே இடைவிடாத ஒரு உறுமல், தூணுக்குத் தூண் எச்சமிட்டு உட்கார்ந்திருக்கிற நீர்க்காகங்கள். ஒட்டினாற்போல் எடிசன் பாலம், அதற்கப்புறம் விக்டரி பாலம். மூன்றும் உயரம். நம்மை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நான்காவதுதான் வம்பு. பெர்த் அம்பாய்க்கும் சவுத் அம்பாய்க்கும் நடுவில், ஆறு விரிகுடாவில் விழுகிற வாயிலில், தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கிடந்த ரயில் பாலம். ரிவர் டிரா என்பார்கள். 1908-ஆம் வருடத்துச் சங்கதி. கடற்கரை ஊர்களுக்குப் போகிற ரயில்கள் எல்லாம் அப்போது இதன் மேல்தான். 2012-இல் சாண்டி புயல் இதையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. அது லிஃப்ட் மாதிரி நடுப்பகுதி மேலே ஏறுகிற வகை. பழையதோ நடுவில் ஓர் அச்சின் மேல் கிடையாகத் திரும்புகிற வகை. அலை ஏற்றத்தில் அண்ணன் படகின் கூரை அதற்கடியில் நுழையாது.

ரேடியோவை எடுத்துப் பதின்மூன்றாம் சேனலில் பாலத்துக்காரரைக் கூப்பிட்டார். காரைக்குடி ஆங்கிலத்தில் படகின் பெயரைச் சொல்லி, கடலுக்குப் போகிறோம், திறக்க முடியுமா என்று கேட்டார். ரயில் வருகிறது, பொறுங்கள் என்று பதில். அங்கே நிற்பது லேசில்லை. எஞ்சினை நியூட்ரலில் போட்டால் நீரோட்டம் பாலத்தைப் பார்த்து இழுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் திரும்பிக்கொள்கிறது. அண்ணன் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. ரயில் தடதடவென்று போனது. ஜன்னலோரம் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. அப்புறம் ஒரு நீள ஒலி, ஒரு குட்டை ஒலி. 'திற' என்று படகு கேட்பதற்கும் 'திறக்கிறேன்' என்று பாலம் சொல்வதற்கும் அதே ஒலிதான். திறக்க முடியாதென்றால் ஐந்து குட்டை ஒலி. தண்டவாளம் இரு முனையிலும் விட்டுப் பிரிந்து, அந்தப் பெரிய இரும்புக்கூடு அவசரமே இல்லாமல் திரும்பியது. நூறு வருடத்துக்கு மேல் பழைய இரும்பின் முனகலைக் கேட்டபடி நாங்கள் உள்ளே நுழைந்தோம். என் வீட்டுக்காரர் மயக்கத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நமக்காக ஒரு ரயில் பாதையே விலகி நிற்கிறது! அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

இது யாரோ காட்டுகிற தயவு இல்லை, சட்டம். கப்பல் போகக்கூடிய நீரின் மேல் பாலம் கட்டுகிறவர், கோஸ்ட் கார்டின் அனுமதி வாங்க வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதற்கெல்லாம் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். திறக்கும் பாலமாக இருந்தால் கேட்டவுடன் திறக்க வேண்டும். சில பாலங்களுக்கு அலுவலக நேரத்தில் மட்டும் விதிவிலக்கு உண்டு. தண்ணீரில் போகிறவருக்கே முதல் உரிமை, ரோடும் ரயிலும் அப்புறம் வந்தவை என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஹேக்கன்சாக் ஆற்றின் மேலுள்ள போர்ட்டல் பாலம், 1910-இல் கட்டியது, தண்ணீரிலிருந்து 23 அடிதான் உயரம். படகு வந்தால் திரும்பும். திரும்பிய பின் சில சமயம் சரியாகப் பொருந்தாது. சம்மட்டியால் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள், கதை இல்லை. அதுவரை பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரை ரயில்கள் தாமதம். அதற்குப் பதிலாக 2022-இல் வேலை தொடங்கிய புதுப் பாலம் 50 அடி உயரத்தில் நிலையாக நிற்கும், திறக்கவே வேண்டியதில்லை. அந்த ஆற்றில் இப்போது போகிற படகுகளுக்கு அந்த உயரம் போதும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கட்டத் தொடங்கினார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. படகைக் கேட்டுவிட்டுக் கட்டினார்கள் இல்லையா, அது போதும்.

பெர்த் அம்பாயிலிருந்து வடக்கே திரும்பினால் ஆர்தர் கில். இடது கைப்பக்கம் நியூ ஜெர்சி, வலது கைப்பக்கம் ஸ்டேட்டன் தீவு. முதலில் அவுட்டர்பிரிட்ஜ் கிராஸிங், 1928. அதைத் தாண்டி ராஸ்வில்லில் பழைய கப்பல்களின் சுடுகாடு. துருப்பிடித்த இழுவைக் கப்பல்களும் மரக்கலங்களும் சேற்றில் பாதி முங்கிக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் கிட்டே போகவில்லை, தண்ணீருக்கடியில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அடுத்து ஃபிரெஷ் கில்ஸ். நியூயார்க் நகரம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குப்பை கொட்டிய மலை. 2001-இல் மூடி, இப்போது புல் வளர்த்துப் பூங்கா ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். பச்சைப் பசேலென்று இருக்கிறது. தெரியாதவர்கள் கொடைக்கானல் என்றாலும் நம்புவார்கள்.

லிண்டன் சுத்திகரிப்பு ஆலை வாசனை வந்ததும் எங்கே இருக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட்டேன். டர்ன்பைக்கில் 13-ஆம் எக்ஸிட் வந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றுவோமே, அதே வாசனைதான். அங்கே அடுத்தடுத்து இரண்டு பாலங்கள். ஒன்று பனாமா கால்வாயை முடித்துக் கொடுத்த பொறியாளர் கோத்தல்ஸ் பெயரில் உள்ளது. 1928-இல் கட்டிய பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று சரக்கு ரயில் போகிற லிஃப்ட் பாலம், 1959. நடுப்பகுதி 558 அடி நீளம். இந்த வகையில் உலகிலேயே பெரியது. ரயில் வரும்போது மட்டும் இறங்கி, மற்ற நேரமெல்லாம் மேலேயே தொங்குகிறது. போகிறவர்கள் கேட்க வேண்டியதே இல்லை. மரியாதை தெரிந்த பாலம்.

பிறகு கிழக்கே திரும்பி கில் வான் கல். இங்கே அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். நெவார்க், எலிசபெத் துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர் கப்பல் எல்லாவற்றுக்கும் இந்தக் குறுகல் சந்துதான் வழி. நாம் அமேசானில் வாங்குவதும், படேல் பிரதர்ஸில் வாங்குகிற பொன்னி அரிசியும் இங்கே நுழைந்து வந்தவையாகத்தான் இருக்கும். கன்டெய்னர் என்கிற ஏற்பாடே இங்கே தொடங்கியதுதான்: 1956 ஏப்ரல் 26-இல் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து டெக்சஸ் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இப்போது வருகிற கப்பல்கள் பல்லாயிரம் பெட்டி சுமக்கின்றன. ஒன்று எதிரே வந்தது. முன்னும் பின்னும் இழுவைக் கப்பல்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு சத்தமில்லாமல் நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. சட்டம் என்ன சொன்னாலும் அந்த இடத்தில் யார் ஒதுங்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அண்ணன் ஓரத்துக்குப் போய், கப்பல் கடந்த பிறகு வந்த அலைக்குப் படகின் மூக்கைக் காட்டி நிறுத்தினார். தயிர் சாத டப்பா கவிழ்ந்தது.

அந்தச் சந்துக்கு மேலேதான் பேயோன் பாலம். இந்தப் பாலத்தைப் பற்றி ஒரு முழுப் பதிவே எழுதலாம். ஆத்மர் அம்மான் வடிவமைத்து 1931-இல் திறந்த எஃகு வில். சிட்னி பாலத்துக்குச் சில மாதம் மூத்தது. ரோடு தண்ணீரிலிருந்து 151 அடியில் இருந்தது. பனாமா கால்வாயை அகலப்படுத்தியதும் வரத்தொடங்கிய பெரிய கப்பல்களுக்கு அது பற்றவில்லை. பாலத்தை இடித்தார்களா? இல்லை. அதே வில்லுக்குள்ளே, பழைய ரோட்டில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே புது ரோட்டைக் கட்டி, பழையதைக் கழற்றி எடுத்தார்கள். 2017-இல் 215 அடி உயரத்தில் வழி கிடைத்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வில்லின் இடுப்பில் இருந்த ரோடு நெஞ்சுக்கு ஏறியிருப்பது தெரிகிறது. கப்பலுக்காக ரோட்டைத் தூக்கினார்கள் என்பதை ரிவர் டிராவில் கண்ட காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே இருபத்துநாலு அடிப் படகுக்கு, இங்கே ஆயிரம் அடிக் கப்பலுக்கு, விஷயம் ஒன்றுதான்.

துறைமுகம் திறந்துகொண்டதும் சுதந்திர தேவி, ஆரஞ்சு நிற ஃபெர்ரிகள், மன்ஹாட்டன் கட்டடங்கள். இவற்றை எல்லோரும் எழுதியாயிற்று, நான் எழுதவில்லை. ஈஸ்ட் ரிவரில் புரூக்ளின் பாலம் வரை போய்த் திரும்பினோம். அந்த 1883-ஆம் வருடப் பாலத்துக்கும் நம்ம கால்வாய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை வடிவமைத்த ஜான் ரோப்ளிங், இரும்புக் கம்பிக்கயிறு ஆலையை வைத்திருந்தது டிரென்டனில், இதே கால்வாய்ப் பக்கம். அவர் 1869-லேயே இறந்துவிட, மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பேற்று, அவரும் நோயில் படுக்க, மருமகள் எமிலிதான் தளத்துக்கும் படுக்கைக்கும் நடந்து வேலையை முடித்தார். வேடிக்கை என்னவென்றால் தலைமைப் பொறியாளரின் குடும்ப ஆலை என்பதால் பாலத்தின் கம்பிக்கான ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அந்த ஆள் மட்டமான கம்பியைத் தள்ளிவிட்டது பாதியில்தான் தெரிந்தது. கூடுதலாகக் கம்பி சேர்த்துச் சரிக்கட்டினார்கள். ரோப்ளிங் கம்பெனி பின்னால் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கே கேபிள் போட்டது. பே ஏரியாக்காரர்கள் இன்னொரு வணக்கம் கடன்பட்டிருக்கிறீர்கள்.

திரும்பும்போது வெரசானோ பாலம். 1964. இதுவும் அம்மான் கைவேலை. இரு கோபுரங்களும் அடியைவிட உச்சியில் 1⅝ அங்குலம் விலகியிருக்கின்றன. பூமி உருண்டை என்பதைப் பாலம் கட்டும்போதே கணக்கில் எடுக்க வேண்டியிருந்த அளவுக்கு நீளம். 228 அடி உயரத்தில் இருக்கிற இதற்கடியில் நுழைகிற மாதிரிதான் குயின் மேரி 2 கப்பலின் புகைப்போக்கியை அளவெடுத்தார்கள். இங்கே கப்பல் பாலத்துக்குப் பணிந்திருக்கிறது.

அந்தப் பாலம் நிற்கிற நேரோஸ் ஜலசந்தியைத் தாண்டியதும் இடப்பக்கம் தொலைவில் சாண்டி ஹூக் மணல்மேடு. அதைக் காட்டி அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்குத் தெற்கே ஃபுளோரிடா வரை போக வேண்டும் என்று ஆசை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கடலுக்குள் இறங்காமல் காயல், ஆறு, வெட்டிய கால்வாய் என்று கோர்த்துக்கொண்டே போகிற உள்நீர்ப் பாதை ஒன்று இருக்கிறது. அதன் மைல் கணக்கு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பூஜ்யத்தில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நிலைப் பாலங்களின் உயரம் பெரும்பாலும் 65 அடி. பாய்மரப் படகு செய்கிறவர்களே அதை மனதில் வைத்துத்தான் மரம் நாட்டுகிறார்கள். இலையுதிர் காலத்தில் குளிருக்குத் தப்பித் தெற்கே போகிற படகுகள் அங்கே ஊர்வலமாகப் போகும். ஆனால் நியூயார்க்கிலிருந்து அங்கே போய்ச் சேருவதில்தான் ஓட்டை. சாண்டி ஹூக்கிலிருந்து மனாஸ்குவான் வரை திறந்த அட்லாண்டிக். மனாஸ்குவானிலிருந்து கேப் மே வரை சுமார் 118 மைல் நியூ ஜெர்சிக்கென்று உள்பாதை இருக்கிறது. பார்னெகட் விரிகுடா, அட்லாண்டிக் சிட்டி எல்லாம் தாண்டிப் போகும். ஆழம் குறைவு, மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், பெரிய படகுகள் வெளியே கடலிலேயே போய்விடுகின்றன. அதன் முடிவில் உள்ள கேப் மே கால்வாயே 1942-இல் போர்க்காலத்தில் வெட்டியது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி.

"நம்ம ஊர்க் கால்வாய் மட்டும் இருந்திருந்தா?" என்றேன்.

"இருந்திருந்தா வீட்லேர்ந்து நடந்து வந்து ஏறி, போர்டன்டவுன்ல இறங்கியிருக்கலாம்மா. கடலே வேணாம்" என்றார்.

அந்த ஓட்டையை அடைக்க, பெரிய கப்பலே போகிற மாதிரி ராரிட்டன் விரிகுடாவிலிருந்து டெலவேருக்கு ஒரு கால்வாய் வெட்டலாம் என்று இருபதாம் நூற்றாண்டில் பலமுறை பேசியிருக்கிறார்கள். பேச்சோடு போயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான், மயிலாப்பூர்க்காரர், திடீரென்று, "எங்க ஊர்ல இதே கதைதான்" என்றார். பக்கிங்காம் கால்வாய். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78 தாது வருடப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. கூலியும் பஞ்சமும் சேர்ந்து வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரை வைத்தார்கள். உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் தோணியில் வந்தன. கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். இங்கே கழுதை செய்த வேலையை அங்கே மனிதர் செய்தார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரவெல்லாம் இதில் படகில் போய், 'மாவலிபுரச் செலவு' என்று அதைப் பாட்டாகவே எழுதினார்.

ரயிலும் ரோடும் வந்து சரக்கைக் கொண்டுபோயின, 1965-66 புயல்கள் கரையை உடைத்தன, சாக்கடை வந்து சேர்ந்தது. இது வரைக்கும் உலகத்தில் எந்தக் கால்வாய்க்கும் நடப்பதுதான். ஆனால் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே கொண்டுபோய் நட்டார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சேற்றை வாரிவிடலாம், சாக்கடையைத் திருப்பிவிடலாம். நடு மார்பில் நட்ட தூணை என்ன செய்வது? 2008-இல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்து அறிவித்தார்கள். அறிவித்த நீர்வழிக்கு நடுவில் தூண்கள் நிற்கின்றன.

இங்கே நம்ம கால்வாயையும் கொன்றுதான் விட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சுத்தமாக வைத்தார்கள், கரையைப் பெரும்பாலும் விற்கவில்லை, பாலக்காரர் வீடுகள் சிலவற்றையாவது விட்டுவைத்தார்கள். மயிலாப்பூரில் கால்வாய் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடந்தவர் யாராவது உண்டா?

மெரினாவுக்குத் திரும்பும்போது ரிவர் டிராவில் தண்ணீர் வற்றியிருந்தது. திறக்கச் சொல்லாமலே குனிந்து நுழைந்துவிட்டோம். மொத்தச் சுற்று தீவை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 35 மைல். கரையில் அண்ணி காபியோடு நின்றார், "தயிர் சாதம் எப்படி இருந்துச்சு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

படகு இல்லாதவர்களுக்கு: ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி இலவசம், துறைமுகத்தையும் வெரசானோவையும் அதிலிருந்தே பார்க்கலாம். கால்வாயைப் பார்க்க கிங்ஸ்டன் லாக்கில் காரை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் சரி. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி யாராவது பக்கிங்காம் கால்வாயில் தோணியில் போனவர்கள் இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது கேளுங்கள்: எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், என்ன கூலி கொடுத்தார்கள், பாலங்களை எப்படித் தாண்டினார்கள். கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள். அவர்களுக்கெல்லாம் எண்பது வயது தாண்டிவிட்டது.